வீட்டு வண்டியில் வந்த நைனா

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் ஆரம்பிக்கிறேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விட்டுப் பிழைப்பவன் நான். அந்தக் கடையில் உட்கார்ந்து நான் கேட்காத அதிசயம் கிடையாது. மலை சுற்றும்போது ஒரு சித்தர் நாய் உருவத்தில் பின்னாலேயே வந்தார் என்பார்கள், குகைக்குள் கண்ணை மூடியதும் நீல வெளிச்சம் தெரிந்தது என்பார்கள். எல்லோருக்கும் 'யெஸ் சார், யெஸ் மேடம்' என்று தலையாட்டிவிட்டு நான் பாட்டுக்குச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பேன். அந்த நாய் யாருடைய நாய், காலையில் எந்த டீக்கடையில் பன் தின்றது என்பதுவரை எனக்குத் தெரியும். ஆவி, அருள் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நடந்தது ராத்திரியிலும் இல்லை, சுடுகாட்டிலும் இல்லை. பட்டப்பகலில், நடுக்கடலுக்கு மேலே, பாம்பன் பாலத்தில்.

அதற்கு முன் எங்கள் நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கீழ்பென்னாத்தூர் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். முப்பது வருஷமாக 'உள்ள போ, உள்ள போ, படில நிக்காத' என்று கத்திக் கத்தி, வீட்டு வாசல்படியில் யாராவது நின்றாலும் அதையே சொல்லுவார். முதலாளியின் கையைக் காலைப் பிடித்து அதே பஸ் கம்பெனியில் எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். நான் எட்டே நாளில் விட்டுவிட்டு வந்து சைக்கிள் கடை வைத்தேன். "வெள்ளக்காரனுக்கு பஞ்சர் ஒட்றதுக்கா உன்ன பெத்தேன்" என்றார். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மூன்று வருஷம் அப்படியே ஓடியது. ஒரே வீடு, ஒரே பானைச் சோறு. எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அம்மாவிடம் சொல்வார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், அவர் அம்மாவைப் பார்த்து "அவன சாப்ட சொல்லு" என்பார். அம்மா என் பக்கம் திரும்பி "சாப்ட சொல்றாருடா" என்பாள். நான் "பசிக்கல" என்று அம்மாவிடம் சொல்ல, அம்மா அதை இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு எடுத்துச் சொல்லுவாள். அம்மா ஊரில் இல்லாத நாட்களில் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரிடம் பேசுவார். "மழ வர மாதிரி கீது, சைக்கிளெல்லாம் உள்ள எடுத்து வெக்கலாம்" என்று காலண்டருக்குப் புத்தி சொல்லுவார். காலண்டருக்கு ஏது சைக்கிள்.

ஒரு நாள் அதே காலண்டரிடம்தான், "பாம்பன்ல கடல் மேல ரோடு போட்டுட்டானாமே, பஸ்ஸே போவுதாம், ஒரு தபா போய் பாக்கணும்" என்றார். அது எனக்குச் சொன்னதுதான், எனக்கு நன்றாகத் தெரியும். 'போலாம் நைனா' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் ரோஷம் இருந்தது, அவர் பிள்ளைதானே நான். அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தது. அஸ்தியில் ஒரு பங்கை ராமேஸ்வரம் கொண்டுபோய்க் கடலில் கரைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது எங்களில் கண்டிப்பான வழக்கம், அதனால் சின்ன மண் கலயத்தில் போட்டு, மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, தோட்டத்து வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டிருந்தோம். என்னோடு பேசாமலேயே போய்விட்டார், இந்த ஒரு காரியத்தையாவது பிசகில்லாமல் செய்தால் அவர் கோபம் தீரும் என்று நான் நினைத்தேன். ஆவியை நம்பாதவன் இப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள், பெற்ற அப்பன் விஷயம் வேறு. சிக்கல் என்னவென்றால், கலயத்தோடு பஸ்ஸில் ஏறினால் ராமேஸ்வரம் போய்ச் சேருவதற்குள் கூட்டத்தில் இடிபட்டு உடைந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் யோஹானும் மார்த்தாவும் பாம்பன் கிளம்பினார்கள். ஹாலந்துக்காரப் புருஷன் பெண்டாட்டி, ஐம்பது வயது தாண்டியவர்கள். ஊரிலிருந்து தரை வழியாகவே ஒரு வேனில் வந்திருந்தார்கள். வேன் என்றால் சாதாரண வேன் இல்லை, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் இருக்கும். செங்கம் ரோடு முழுக்க அதற்கு 'வீட்டு வண்டி' என்றுதான் பெயர். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் மலையைப் பார்த்துக் கண்ணீர் விடுவார்கள், யோஹானுக்கு மட்டும் பாலத்தைப் பார்த்தால்தான் கண்ணீர் வரும். வழி காட்டவும் மொழி சொல்லவும் என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து கிளம்பியது. நைனாவின் தங்கச்சி, எங்கள் அத்தை, வேனை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "அடுப்பு கீது, கட்டில் கீது, ஜன்னலுக்குத் துணி போட்டு கீது. அது வீடுதான். உள்ள வெக்காத" என்றார்.

என் தாய்மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "நாலு சக்கரம் கீது, நம்பர் பிளேட் கீது. அது எப்படி வீடாவும்? வண்டிதான்."

அரை மணி நேரத்தில் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. கடைசியில் காரியம் செய்து வைத்த ஐயரிடமே போய்க் கேட்டோம். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "உள்ளயே சமைக்கறாளா?" என்றார். ஆமாம் என்றேன். "முட்டை உண்டா?" உண்டு என்றேன். "அப்போ வெளியிலயே கட்டிடு" என்றார். மாமா தன் கையாலேயே கலயத்தின் வாய்த்துணியை ஈரப்படுத்தி ஏழு முடிச்சுப் போட்டு இறுக்கி, கலயத்தை ஒரு கயிற்றால் வேனின் பின்பக்க ஏணியில் கட்டிவிட்டார். இது என்ன என்று யோஹான் கேட்டதற்கு 'ஹோலி பாட்' என்றேன். திருவண்ணாமலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஹோலி என்று சொன்ன பிறகு அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள்.

கிளம்பினோம். அந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். யோஹான் அங்கே உட்கார்ந்து ஓட்ட, நம் ஊரில் டிரைவர் உட்காரும் வலது பக்கம் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் வருகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திருக்கோவிலூர் தாண்டி நான் இரண்டு கையாலும் வேர்க்கடலை உரித்துத் தின்றதைப் பார்த்து ஒரு லாரிக்காரர் வண்டியைக் கரும்புக் கொல்லையில் இறக்கிவிட்டார். அவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டியது உளுந்தூர்பேட்டை வரைக்கும் என் காதில் ஒலித்தது.

உளுந்தூர்பேட்டையில் இளநீர் குடிக்க நிறுத்தினோம். பின்னால் போய்ப் பார்த்தேன், எனக்குப் பகீரென்றது. கலயம் ஏணியில் இடித்து இடித்து வெளிப்பக்கம் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. இன்னும் நாலு பள்ளம் ஏறி இறங்கினால் நைனா திருச்சி ரோடு முழுக்கப் பரவிவிடுவார். யோஹானும் மார்த்தாவும் இளநீர்க்காரர் அரிவாள் வீசுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சட்டென்று ஏணிக் கயிற்றை மட்டும் அவிழ்த்து, கலயத்தை உள்ளே எடுத்துப் போய், அடுப்புக்கு மேலே இருந்த அலமாரியில் ஓட்ஸ் டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். 'இது வண்டி, இது வண்டி' என்று மூன்று தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினால் நம்புங்கள், அந்த நிமிஷம் வரை எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி திருச்சியில் தங்கினோம். ஒன்றும் நடக்கவில்லை, கொசுவைத் தவிர யாரும் வரவில்லை.

மறுநாள் புதுக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தியதும் வழக்கம்போல் கூட்டம் கூடிவிட்டது. போகிற ஊரிலெல்லாம் இப்படித்தான், ஜனங்கள் பாட்டுக்கு ஏறிக் கட்டிலை அமுக்கிப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சிலர் நாலு நிமிஷம் படுத்தும் பார்ப்பார்கள். மார்த்தாவுக்கு அதில் சந்தோஷம்தான். அவளுக்குத் தமிழில் வணக்கம், தண்ணி, போதும், எவ்ளோ என்று நாலு வார்த்தை தெரியும். நான் வெளியே டீ கிளாஸோடு நிற்கிறேன், உள்ளேயிருந்து மார்த்தாவின் குரல் கேட்கிறது.

"உள்ள போ, உள்ள போ, படில நிக்காத."

என் கையிலிருந்து கிளாஸ் நழுவிவிட்டது. வார்த்தைகூடப் பரவாயில்லை, அந்த இழுப்பு இருக்கிறதே, 'போ'வை நீட்டி 'நிக்காத'வை வெட்டுகிற அந்த இழுப்பு, அது கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு மட்டுமே சொந்தம். ஓடிப்போய், இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். எங்கள் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"உள்ளே ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தார். சொன்னதும் எல்லோரும் கேட்கிறார்கள், நல்ல வார்த்தை" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். உள்ளே பதினைந்து பேர், அதில் ஆறு பேர் பெரியவர்கள். ஆறு பேரில் ஒருவர் ஓய்வு பெற்ற கண்டக்டராக இருக்கக் கூடாதா என்ன. அப்படி நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டு புது டீ வாங்கிக் குடித்தேன்.

தேவகோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி மார்த்தா சமைத்தாள். அக்கம்பக்கத்தில் ஒரு குடிசைகூட இல்லை. யோஹான் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பசியில்லை, தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். மார்த்தா தட்டோடு வந்தாள்.

"அவன சாப்ட சொல்லு. இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

யார் சொன்னது என்றேன்.

"அந்தப் பெரியவர்தான். நேற்றிலிருந்து நம்மோடுதானே வருகிறார். உங்கள் சொந்தக்காரர் என்று நினைத்தேன். உன்னைக் காட்டிக் காட்டி என்னிடம் இதையே சொல்கிறார். உனக்கும் அவருக்கும் ஏதாவது சண்டையா?"

எழுந்துபோய் உள்ளே பார்த்தேன். காலிக் கட்டில், காலிப் பெஞ்சு, அடுப்பின் மேல் சட்டி. மார்த்தாவும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒதுங்கப் போயிருப்பார்" என்று சாதாரணமாகச் சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியாது, இந்தியா வந்ததிலிருந்து அந்த வண்டியில் கேட்காமல் ஏறி, சொல்லாமல் இறங்கியவர்கள் ஆயிரம் பேர். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். பயத்தில் இரண்டு தட்டு உள்ளே போனது.

யோஹானிடம் ஜாடையாக, பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பார்த்தேன். "நான் முன்னால் மட்டும்தான் பார்ப்பேன், பின்னால் நடப்பதை அவள் பார்த்துக்கொள்வாள்" என்றார். இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவர், வேறென்ன சொல்வார்.

அத்தை சொன்னதுதான் சரி என்று இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. அது வீடுதான். வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததும் நைனா வீட்டில் இருக்கிற மாதிரியே நடந்துகொள்கிறார், என்னோடு பேசாமல் இருப்பது உட்பட. கலயத்தை மறுபடி வெளியே கட்டிவிடலாமா என்று யோசித்தேன். வெளியே கட்டினால் உடையும், உள்ளே வைத்தால் பேசுகிறார். அலமாரிக் கதவில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், பயம்தான், ஆனாலும் எனக்கு எடுக்க மனசு வரவில்லை. செத்த பிறகும் நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறவரை எப்படி வெளியே கட்டுவது.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறினோம். நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஆனால் அப்போது அது புத்தம் புதுசு. ரோடு மலை ஏறுகிற மாதிரி வானத்தைப் பார்க்க ஏறுகிறது, இரண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் பச்சை, இன்னொரு பக்கம் நீலம். கீழே பழைய ரயில் பாலம் தீக்குச்சி அடுக்கிய மாதிரி கிடக்கிறது. உச்சியில் நிறுத்தியதும் யோஹான் இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவரைக் கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவினார். கண்ணில் தண்ணீர். எனக்கும் தண்ணீர்தான், ஆனால் காரணம் வேறு. அங்கே அடிக்கிற காற்றில் என் வேட்டி குடை மாதிரி விரிந்து மேலே போகிறது. வேட்டியைப் பிடித்தால் சுவரைப் பிடிக்க முடியவில்லை, சுவரைப் பிடித்தால் மானம் போகிறது. ஒரு பஸ் நிறைய ஜனங்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். பஸ் போவதைப் பார்த்ததும் எனக்கு நைனா நினைப்பு வந்தது. 'இதோ பாரு நைனா, கடல் மேல பஸ்ஸு' என்று மனசுக்குள் சொன்னேன்.

அப்போது திரும்பினேன். மார்த்தா வேனின் பக்கவாட்டுக் கதவுப் படியில் நின்று உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். தலையாட்டுகிறாள், நோட்டும் பேனாவும் எடுக்கிறாள், மறுபடி வைக்கிறாள். பிறகு கீழே இறங்கி ஒதுங்கி நின்றாள், வயசானவர் யாராவது இறங்கும்போது நாம் வழிவிட்டு, விழுந்துவிடப் போகிறாரோ என்று ஒரு கையை நீட்டிக்கொண்டு நிற்போமே, அதே மாதிரி. யாரும் இறங்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் காற்று நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. என் வேட்டி தானாக இறங்கி ஒழுங்காக நின்றது. இரண்டு மூச்சு விடுகிற நேரம் இருக்கும், பிறகு பழையபடி காற்று அடித்தது, யோஹானின் தொப்பி கடலுக்குப் போனது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்று பயம்.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரையில் புரோகிதர் கலயத்தை வாங்கினார். மாமா போட்ட ஏழு முடிச்சும் அப்படியே இறுகிக் கிடந்தன, நகத்தால் அவிழ்க்க முடியாமல் கடைசியில் பிளேடு வாங்கி வந்து அறுத்தோம். துணியை எடுத்துவிட்டு உள்ளே பார்த்த புரோகிதர் என்னைப் பார்த்தார். கலயத்தைக் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றும் இல்லை. ஒரு துளி சாம்பல் இல்லை, உட்புறத்தில் கறைகூட இல்லை, அன்றைக்குத்தான் சூளையிலிருந்து எடுத்த மாதிரி சிவப்பாக இருந்தது.

"வெறும் கலயத்துக்கா தம்பி அவ்வளவு தூரத்துலருந்து வந்தீங்க?" என்றார்.

முதலில் என் புத்தி எங்கே போனது தெரியுமா, ஓட்ஸ் டப்பாவுக்கு. இரண்டு நாளாகக் காலையில் மார்த்தா கிண்டிய ஓட்ஸ் கஞ்சியை நானும் இரண்டு கிண்ணம் குடித்திருந்தேன். ஆனால் முடிச்சு அவிழாமல் எப்படி எடுக்க முடியும். பெயர்ந்த சில்லும் வெளிப்பக்கம் மட்டும்தான், உள்ளே ஓட்டை இல்லை. புரோகிதர் நல்ல மனுஷர், வெறும் கலயத்துக்கே மந்திரம் சொல்லி முடித்தார். கடலில் விட்டேன், மிதந்துகொண்டு போனது.

ஈர வேட்டியோடு வேனுக்கு ஓடினேன். மார்த்தா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெரியவர் எங்கே என்று கேட்டேன்.

"பாலத்திலேயே இறங்கிவிட்டாரே. நீ பார்த்துக்கொண்டுதானே நின்றாய்" என்றாள்.

ஏதாவது சொன்னாரா என்றேன்.

"ரொம்ப நேரம் பேசினார். உனக்குத்தான் என்று புரிந்தது, உன்னையே பார்த்துக்கொண்டு பேசினார். எனக்கு அர்த்தம் தெரியாது, அதனால் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு வந்து உன்னிடம் சொல்லலாம் என்று நோட்டை எடுத்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். கடைசியில் இரண்டே வார்த்தை மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார்." நெற்றியைச் சுருக்கி நினைவுபடுத்திக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். "நானே சொல்லிக்கறேன். இதற்கு என்ன அர்த்தம்?"

நான் அவளுக்கு அர்த்தம் சொல்லவில்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதேன், அவர் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. வெங்காயத்தால்தான் என்று நினைத்து மார்த்தா பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள்.

ஊருக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "உள்ள வெக்கலியே?" என்பதுதான். இல்லை என்று சொல்லிவிட்டேன். கலயம் காலியாக இருந்ததையும் சொல்லவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், இப்போது யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை.

நீங்கள் இதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். மார்த்தா கதை கட்டினாள் என்றால் கட்டட்டும், காற்று நின்றது தற்செயல் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று வருஷம் என்னோடு பேசாத மனுஷன், இனிமேல் நடுவில் ஆள் வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் சொல்லவில்லை. திட்டப் போகிறாரா, வேறு ஏதாவதா, அதுவும் தெரியாது. கடையில் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாராவது தொண்டையைக் கனைத்தால், திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே என் வாய் 'சொல்லு நைனா' என்று சொல்லிவிடுகிறது. இதுவரைக்கும் எல்லாம் சைக்கிள் கேட்டு வந்தவர்கள்தான்.